பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா? முடிவெடுக்க முடியாமல் நிற்கும் பெற்றோருக்கு

உங்கள் மாற்றுத்திறன் குழந்தைக்கு ஐந்து வயது முடியப்போகிறது. மருத்துவச் சான்று கையில் இருக்கிறது. "சாதாரண ஸ்கூல்லயே போடுங்க, மத்த பிள்ளைங்களைப் பார்த்துக் கத்துக்குவான்" என்கிறார் தெரபிஸ்ட். "இங்க அவனுக்குக் கஷ்டம், ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க" என்கிறார் பக்கத்துப் பள்ளியின் ஹெச்.எம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஏதாவது முடிவெடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது இருக்கிற வழிகளை ஒன்றுக்கொன்று வைத்துப் பார்க்க இந்தக் கட்டுரை.

இந்தத் தேர்வு சட்டப்படி உங்கள் கையில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தான் விரும்பிய இடத்தில் இலவசமாகப் படிக்கலாம். அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, பள்ளிகள் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. "வேறு பள்ளி பாருங்கள்" என்று ஹெச்.எம். சொன்னால் அதை ஒரு யோசனையாகக் கேட்டுக்கொள்ளலாம். அதுவே முடிவாகிவிட விடக் கூடாது.

எதை வைத்து எடை போடுவது

பெரும்பாலான வீடுகளில் பேச்சு "படிப்பு வருமா" என்பதிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. நான் அதைக் கடைசியாகத்தான் கேட்பேன்.

முதல் கேள்வி, வகுப்பில் நடப்பது குழந்தைக்கு எந்த வழியாகப் போய்ச் சேரும் என்பது. காது வழியாகவா, கண் வழியாகவா, பிரெய்ல் புள்ளிகளைத் தொடும் விரல் வழியாகவா, சைகை வழியாகவா, படங்கள் வழியாகவா? அந்த வழி திறந்திருக்கும் பள்ளி எது என்று பாருங்கள்.

இரண்டாவது, கழிப்பறை. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கியவர்கள்தான் பாதி வருடத்தில் பிள்ளையை நிறுத்துகிறார்கள். சக்கர நாற்காலி உள்ளே போகுமா, உடை மாற்ற உதவ யார் இருக்கிறார்கள், பெண் குழந்தை பெரியவளானால் என்ன செய்வது? பல பிள்ளைகள் பள்ளியில் சிறுநீர் வரக்கூடாது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது: சிறப்பு ஆசிரியர் இல்லாத நாளில் என்ன நடக்கிறது? "எங்களிடம் ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்கிறார்" என்று எல்லாப் பள்ளியும் சொல்லும். அவர் வராத நாளில், வந்தும் வேறு வகுப்பில் இருக்கும் நேரத்தில், உங்கள் குழந்தையிடம் வகுப்பாசிரியர் பேசுகிறாரா? குழந்தை கையில் ஏதாவது வேலை இருக்கிறதா?

பிறகு தூரம். ஒருவர் தினமும் கொண்டுபோய் விட்டு, காத்திருந்து, கூட்டி வர வேண்டும் என்றால் அவருடைய சம்பளமும் பள்ளிச் செலவில் சேர்ந்ததுதான். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மா என்பதால் வீட்டில் யாரும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை. அதோடு நட்பு இருக்கிறது: மாலையில் தெருவில் விளையாடக் கூப்பிட ஆள் இருக்குமா? கடைசியாக, 18 வயதில் கையில் என்ன சான்றிதழ் இருக்கும்?

மதிப்பெண்ணை இதில் நான் சேர்க்கவில்லை. 2022-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சாதாரண வகுப்பா தனி வகுப்பா என்பது மட்டும் படிப்பில் சராசரியாகப் பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை என்றே தெரிந்தது. ஒரு குழந்தைக்கு நன்மை செய்தது இன்னொன்றுக்குச் செய்யவில்லை. எங்கே உட்கார்கிறது என்பதோடு அங்கே என்ன கிடைக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

வழி 1: பக்கத்து அரசுப் பள்ளி அல்லது உதவிபெறும் பள்ளி

கட்டணம் இல்லை, சீருடையும் புத்தகமும் இலவசம், மதிய உணவு உண்டு, தொடக்கப் பள்ளியில் காலை உணவும் உண்டு. அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் இருந்தால் அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. வட்டார வள மையத்திலிருந்து (அந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை மையம்) சிறப்புப் பயிற்றுநர் முறை வைத்து வருவார். பிசியோதெரபி, உதவி உபகரணங்கள், மதிப்பீட்டு முகாம் எல்லாம் அந்த மையத்தின் வழியாகவே வரும்.

கற்பிக்கும் முறையிலும் ஒரு அனுகூலம் இருக்கிறது. தொடக்கப் பள்ளிகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மெதுவாகக் கற்கும் குழந்தை அங்கே தனியாகத் தெரிவதில்லை, ஏனென்றால் எல்லோரும் ஏதோ ஒரு நிலையில் இருக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை அரும்பிலேயே இரண்டு வருடம் இருந்தாலும் வகுப்பின் ஓட்டம் நிற்காது. இதற்காகவே சொல்கிறேன், முதல் சில வருடங்களுக்குக் கிராமத்து ஈராசிரியர் பள்ளியைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். இருபது பிள்ளைகள் உள்ள அந்தப் பள்ளியில் டீச்சருக்கு உங்கள் குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்பது தெரிந்திருக்கும். ஏ.சி. போட்ட வகுப்பில் 45 பேரில் ஒருவராக உட்கார்ந்தால் அது தெரியாது.

குறையும் அதே அளவு இருக்கிறது. சிறப்பு ஆசிரியர் நியமனம் பற்றி 2021-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகப் பேசியது. அடுத்த ஆண்டே மத்திய அரசு, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒருவர், 6 முதல் 8 வரை 15 பேருக்கு ஒருவர் என்று விகிதம் அறிவித்தது. விகிதம் காகிதத்தில் சரிதான். நடைமுறையில் ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு அலைகிறார், நடுநடுவே முகாம் வேலை, பதிவேட்டு வேலை. உங்கள் குழந்தைக்குக் கிடைப்பது வாரத்தில் சில மணி நேரம்தான்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று எட்டாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி என்பதில் இருக்கிறது. குழந்தையைப் பெயிலாக்கி அவமானப்படுத்தாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமலேயே ஏழாம் வகுப்பு வந்துவிட்ட பிள்ளையைப் பற்றி யாருக்கும் பதற்றம் வருவதில்லை. வருகைப் பதிவேடு நிரம்புகிறது, நோட்டும் நிரம்புகிறது, தலையில் ஏறியதா என்று பார்ப்பது உங்கள் வேலையாகிவிடுகிறது. இன்னொரு செலவு, பள்ளி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மா. "கூடவே இருங்க, ஏதாவது ஆச்சுன்னா" என்று தொடங்குவது பல பள்ளிகளில் நிரந்தர ஏற்பாடாகிவிடும். சேர்க்கும்போதே இதற்கு ஒரு கெடு வைத்துப் பேசுங்கள்.

ஆறாம் வகுப்பில் எல்லாம் மாறும். ஒரே டீச்சர் போய், பாடத்துக்கு ஒருவர் வருவார். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். தொடக்கப் பள்ளியில் நன்றாக இருந்த குழந்தை அங்கே தடுமாறினால் அதைக் குழந்தையின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கை, கால் இயக்கத்தில் மட்டும் குறைபாடு உள்ள குழந்தை, ஓரளவு பார்வை உள்ள குழந்தை, சீக்கிரமே காது கருவி பொருத்திப் பேச்சு வந்துவிட்ட குழந்தை, லேசான அல்லது மிதமான அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தை ஆகியோருக்கு நான் முதலில் சொல்வது இந்த வழிதான்.

வழி 2: தனியார் பள்ளி, கூடவே ஷேடோ டீச்சர்

கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்த்தது. அதனால் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு அவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த இடம் நுழைவு வகுப்பில்தான் கிடைக்கும், இடையில் கிடைக்காது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், நகரங்களில் பெயர்பெற்ற பள்ளிகள் பல இந்தப் பட்டியலிலேயே வராது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சிறப்பு ஆசிரியர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அவர் வகுப்புக்குள் போகிறாரா, அட்மிஷன் அறையில் மட்டும் இருக்கிறாரா என்று நேரில் பார்த்தால்தான் தெரியும்.

ஷேடோ டீச்சர் என்பவர் வகுப்பில் உங்கள் குழந்தையின் பக்கத்தில் இருந்து உதவும் தனி ஆசிரியர். அவருடைய சம்பளம் பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான் விழும். தெரபி, வேன், அரைநாள் லீவு எல்லாம் சேர்ந்தால் பள்ளிக் கட்டணம் அதில் சிறிய பங்காகிவிடும். பணத்தைவிடக் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. ஷேடோ டீச்சர் நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தால் வகுப்பாசிரியர் அந்தக் குழந்தையை அவர் பொறுப்பில் விட்டுவிடுகிறார். மற்ற பிள்ளைகளும் நெருங்குவதில்லை. வகுப்புக்குள்ளேயே இரண்டு பேர் மட்டும் உள்ள ஒரு தனி வகுப்பு உருவாகிவிடுகிறது. எந்தெந்த நேரத்தில் அவர் விலகி இருக்க வேண்டும், எத்தனை மாதத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று எழுதி வைத்துத் தொடங்கினால்தான் அவரால் பலன்.

இன்னொன்று பயிற்று மொழி. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்றால் பேச்சு தாமதமான குழந்தைக்கு இரண்டு பக்கமும் அரைகுறையாக நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தையை ஆங்கில வழியில் சேர்ப்பதற்காக வீட்டிலும் ஆங்கிலமே பேசத் தொடங்கும் குடும்பங்கள் உண்டு. பாட்டியோடு அந்தக் குழந்தை எந்த மொழியில் பேசும் என்று யாரும் யோசிப்பதில்லை.

சேர்ப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "இதுபோன்ற பிள்ளைகள் எத்தனை பேர் இங்கே பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறார்கள்?" எல்.கே.ஜி.யில் அன்போடு சேர்த்துக்கொண்டு, எட்டாம் வகுப்பு முடிந்ததும் நூறு சதவீதத் தேர்ச்சிக்காக டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. கற்றல் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைக்கும், பேச்சு உள்ள, சத்தத்தைத் தாங்கக்கூடிய ஆட்டிசம் குழந்தைக்கும், நல்ல சிறிய தனியார் பள்ளி கிடைத்தால் இந்த வழி பொருந்தும்.

வழி 3: சிறப்புப் பள்ளி

இது நமக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 1890-களிலேயே பள்ளிகள் தொடங்கிவிட்டன. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அரசு சிறப்புப் பள்ளிகளில் படிப்பும் விடுதியும் இலவசம்.

'எல்லோரையும் சேர்த்தே படிக்க வைக்க வேண்டும்' என்ற கொள்கை எனக்கும் உடன்பாடுதான். ஆனால் காது கேளாத குழந்தை விஷயத்தில் நின்று யோசிக்க வேண்டும். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது கேட்கும், வீட்டில் ஒருவருக்கும் சைகை மொழி தெரியாது. ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. ஆனால் கருவி காதில் ஏறிய நாளிலிருந்துதான் வேலையே ஆரம்பம், பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கில் தொடர வேண்டும். அது நன்றாக அமைந்தால் சாதாரணப் பள்ளி போதும். அமையவில்லை என்றால் அந்தக் குழந்தை எந்த மொழியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். கரும்பலகையைப் பார்த்து முத்துமுத்தாக எழுதும், நோட்டில் தப்பே இருக்காது. எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று சைகையில் கேட்டுப் பாருங்கள், தெரியாது. பள்ளியும் பெற்றோரும் அந்தக் கையெழுத்தைப் பார்த்தே பல வருடம் ஏமாந்துபோகிறார்கள்.

இப்படிப்பட்ட குழந்தைக்கு நல்ல காது கேளாதோர் பள்ளி என்பது மொழி கிடைக்கும் இடம். அங்கே சண்டை போட, கிண்டல் செய்ய, கதை சொல்ல ஆள் இருக்கிறது. தன்னைப் போலவே இருந்து வேலைக்குப் போன அண்ணன்களையும் அக்காக்களையும் பார்க்கிறது. ஆனால் 'நல்ல' என்று ஏன் சொல்கிறேன் என்றால், சைகையை வகுப்பில் தள்ளிவைத்து உதட்டசைவை மட்டும் பார்க்கச் சொல்லும் பள்ளிகள் உண்டு, ஆசிரியருக்கே சைகை சரளமாக வராத பள்ளிகளும் உண்டு. பாட வேளையில் போய் நில்லுங்கள். பிள்ளைகள் தங்களுக்குள் பேசும் வேகமும் ஆசிரியர் பேசும் வேகமும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறிவுசார் குறைபாட்டுக்கான சிறப்புப் பள்ளிகளின் கதை வேறு. குறைந்த பிள்ளைகள், பொறுமையான ஆசிரியர்கள், தானே சாப்பிட, உடுத்த, கழிப்பறை போகப் பழக்குதல், பிறகு தொழிற்பயிற்சி. இவை சாதாரணப் பள்ளியில் கிடைக்காது. ஆனால் பேச்சு குறைவான குழந்தையைச் சுற்றிலும் பேச்சு குறைவான குழந்தைகளே இருந்தால் அது யாரைப் பார்த்துப் பேசக் கற்கும்? இந்தப் பள்ளிகள் பலவற்றில் எந்த வகுப்புக்கும் சான்றிதழ் கிடையாது. தெருப் பிள்ளைகளுக்கு அந்தக் குழந்தையின் பெயர்கூடத் தெரியாமல் போகிறது. 18 வயது ஆனதும் வீட்டுக்கு வெளியே போக இடமே இல்லாமல் போவது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்புறம் விடுதி. பகல் நேரச் சிறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் நகரத்தில். கிராமத்துக் குடும்பத்துக்குச் சிறப்புப் பள்ளி என்றாலே ஆறு வயதில் பிள்ளையை விட்டுப் பிரிவது என்று அர்த்தம். இரவில் யார் பொறுப்பு, நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளைகளை எப்படிக் கண்காணிக்கிறார்கள், நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க விடுவார்களா? கூச்சப்படாமல் கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் விடுதியில் சேர்க்க வேண்டாம்.

வழி 4: முதலில் அங்கே, பிறகு இங்கே

பார்வையற்ற குழந்தைகள் பலர் போகும் வழி இது. பிரெய்ல், கைத்தடி நடை, அபாகஸ் எல்லாம் சிறப்புப் பள்ளியில் கற்றுக்கொண்டு ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ சாதாரணப் பள்ளிக்கு வருவது. ஆடியோ இருக்கிறதே, போன் படித்துக் காட்டுமே, பிரெய்ல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டு மட்டும் படித்த பிள்ளைக்கு எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வராது, கணக்கில் பின்னமும் சமன்பாடும் தலைக்குள் நிற்காது. பிரெய்லைத் தள்ளிப்போடாதீர்கள்.

காது கேளாத சிறு குழந்தைகளுக்கு ஐந்து வயதுக்குள் பேச்சுப் பயிற்சி கொடுத்துச் சாதாரணப் பள்ளிக்கு அனுப்பும் சென்னை பாலவித்யாலயா போன்ற இடங்களும் இதே வகைதான். அங்கே அம்மாவும் கூடவே உட்கார்ந்து கற்க வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்க முடிகிற குடும்பத்துக்கே இது சரிப்படும்.

வழி 5: வீட்டுவழிக் கல்வி, திறந்தநிலைப் பள்ளி

கடுமையான குறைபாடோ பல குறைபாடுகளோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று 2012 திருத்தம் சொல்கிறது. இது குழந்தையின் உரிமை. பள்ளி கைகழுவுவதற்கான சாக்காக அதைப் பயன்படுத்த அனுமதிக்காதீர்கள். படுக்கையை விட்டு எழ முடியாத, அடிக்கடி வலிப்பு வருகிற குழந்தைக்கு இது தேவைதான். அப்போதும் பக்கத்துப் பள்ளியில் பெயர் இருக்கட்டும், ஆண்டு விழாவுக்காவது கூட்டிப் போங்கள்.

என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதும் மத்திய அரசு ஏற்பாடு) கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானது. ஐந்து பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். கணக்கு ஒத்துவராத, பரீட்சைப் பதற்றம் உள்ள பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். விலை என்னவென்றால் தனிமை, அதோடு வீட்டில் ஒருவர் முழுநேர ஆசிரியராக மாற வேண்டும்.

ஒரே பார்வையில்

| வழி | கைச்செலவு | மறைந்த செலவு | நட்பு | சான்றிதழ் |
|---|---|---|---|---|
| அரசுப் பள்ளி | மிகக் குறைவு | காத்திருக்கும் அம்மா, கவனிக்கப்படாத தேக்கம் | தெருவிலேயே | உண்டு |
| தனியார் + ஷேடோ | அதிகம் | ஆங்கில வழிச் சுமை, எட்டாம் வகுப்பில் டி.சி. | பள்ளியைப் பொறுத்தது | உண்டு |
| சிறப்புப் பள்ளி | அரசில் இல்லை | விடுதிப் பிரிவு, ஊரோடு உறவு அறுதல் | உள்ளே நிறைய, வெளியே இல்லை | காது, பார்வைப் பள்ளிகளில் உண்டு. மற்றதில் கேட்டறிய வேண்டும் |
| முதலில் அங்கே, பிறகு இங்கே | இடத்தைப் பொறுத்தது | மாறும் வருடத்தின் தடுமாற்றம் | இரண்டு பக்கமும் | உண்டு |
| வீடு / என்.ஐ.ஓ.எஸ். | தேர்வு, மையக் கட்டணம் | ஒருவரின் வேலை | மிகக் குறைவு | என்.ஐ.ஓ.எஸ்.-இல் உண்டு |

என் சாய்வு

பக்கத்து சாதாரணப் பள்ளியில் தொடங்குங்கள் என்பதே என் பக்கம். தனியே பிரித்து அனுப்புவதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும், சேர்ந்து படிப்பதற்குக் காரணம் தேவையில்லை. மூன்று சமயங்களில் மட்டும் நான் மாற்றிச் சொல்வேன்: எந்த மொழியும் இன்னும் வராத காது கேளாத குழந்தை, பிரெய்ல் கற்றுக்கொடுக்க அருகில் ஆளே இல்லாத பார்வையற்ற குழந்தை, உடல்நிலையில் பள்ளி சமாளிக்க முடியாத தேவை உள்ள குழந்தை.

ஒருமுறை எடுத்த முடிவு பன்னிரண்டு வருடத்துக்கு என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் வகுப்பு முடியும்போது எழுத்து வந்ததா என்று பாருங்கள். ஐந்து முடியும்போது ஆறாம் வகுப்புக்கான பள்ளியை முதலிலிருந்து தேடுங்கள். எட்டு முடியும்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வா, என்.ஐ.ஓ.எஸ்.ஸா, தொழிற்பயிற்சியா என்று பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

எந்த வழியானாலும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை (யு.டி.ஐ.டி.) முதலிலேயே வாங்கிவிடுங்கள். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல் அவகாசம், மொழிப்பாட விலக்கு எல்லாம் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், மார்ச்சில் ஓடினால் நடக்காது. மொழிப்பாட விலக்கை மட்டும் யோசித்துக் கேளுங்கள், பத்தில் விட்ட ஆங்கிலம் கல்லூரியில் எதிரே வந்து நிற்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல குறைபாடுகள் இவற்றில் ஒன்று என்றால் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவ, தெரபிச் செலவைக் கேட்கலாம்.

பள்ளியைப் பார்க்கப் போவதென்றால் மதிய உணவு இடைவேளையில் போங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் மாற்றுத்திறன் குழந்தை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று பாருங்கள். சேர்க்க மாட்டோம் என்றால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதி இடங்களில் அப்போதே விண்ணப்பப் படிவம் வெளியே வந்துவிடும். வராவிட்டால் அந்தக் கடிதத்தோடு முதலில் மாவட்டக் கல்வி அலுவலகம், அங்கும் நடக்கவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்.